சேற்றுக் காலத்தில் வெர்மான்ட்

ஏப்ரல் 25, வெள்ளி – வாட்டர்பரி

கோடையில் 200 டாலருக்குக் குறையாத மோட்டல் அறை 92 டாலருக்குக் கிடைக்கிறதென்றால் அதற்கு ஏதாவது காரணம் இருக்க வேண்டும். அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் வெர்மான்ட் மாநிலத்தில் காரணம் சேறு. பனிச்சறுக்குக் கூட்டம் கிளம்பிவிட்டது, பச்சையைப் பார்க்க வரும் கூட்டம் இன்னும் வரவில்லை. நடுவில் இருக்கும் இந்த வாரங்களை உள்ளூர்க்காரர்கள் மட் சீசன் என்று ஐந்தாவது பருவமாகவே வைத்திருக்கிறார்கள்.

பாஸ்டனிலிருந்து மூன்று மணி நேரக் கார்ப் பயணம். அக்கா, அத்தான், அவர்கள் மகள், நான். மாநில எல்லையைத் தாண்டியதும் சாலையோரத்தில் ஒரு விளம்பரப் பலகைகூட இல்லை. 1968லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்களாம். "அப்போ பசிச்சா எங்க சாப்பிடணும்னு எப்படித் தெரியும்?" என்றாள் குட்டி. நியாயமான கேள்விதான். ஊருக்குள் போய் ஒவ்வொரு கதவாகப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். முதல் கடை மூடியிருந்தது. இரண்டாவது கடையின் கண்ணாடியில், சேறு காய்ந்ததும் வருவோம் என்று கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். மூன்றாவதில் சூடான தக்காளி சூப்பும் செடார் சீஸ் வைத்து வாட்டிய ரொட்டியும் கிடைத்தன, தலைக்கு 14 டாலர். வெளியே தூறல், ஏழு டிகிரி. அந்த சூப்புக்கு இன்னும் கொஞ்சம்கூடக் கொடுத்திருப்பேன்.

மோட்டல் கவுன்டரில் சாவியோடு ஒரு தாளையும் தந்தார்கள். கேமல்ஸ் ஹம்ப், மவுண்ட் மான்ஸ்ஃபீல்டு இரண்டிலும் அரசு நிலத்தில் உள்ள மலைப்பாதைகள் ஏப்ரல் 15 முதல் மெமோரியல் டே (மே மாதக் கடைசித் திங்கள் விடுமுறை) வார இறுதியின் வெள்ளிக்கிழமை வரை மூடல் என்று அதில் இருந்தது. மற்ற மலைகளிலும் உயரத்துக்குப் போகாதீர்கள் என்பது கிரீன் மவுண்டன் கிளப்பின் வேண்டுகோள். 1910இல் தொடங்கிய இந்தச் சங்கம்தான் மாநிலத்தின் தெற்கு எல்லையிலிருந்து கனடா எல்லை வரை ஓடும் லாங் டிரெயில் என்ற நடைபாதையை வெட்டியது, இன்றும் பராமரிக்கிறது. கிளம்பும் முன்பே அக்கா இதையெல்லாம் படித்து, தாழ்வான இடங்களாகப் பார்த்துத்தான் திட்டம் போட்டிருந்தாள். அத்தானுக்கு மட்டும் உள்ளூர ஒரு ஆசை.

"காட்டுக்கு யாரும்மா பூட்டுப் போடுறது? ஒரு தாள்தானே?"

பூட்டு கிடையாதுதான். கவுன்டரில் இருந்த பெண்மணி கோபப்படவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. கல்லாவைத் திறந்து ஒரு கால் டாலர் நாணயத்தை எடுத்து வைத்தார். 2001இல் வெளியான வெர்மான்ட் நாணயம். மேப்பிள் மரங்களில் சாறு பிடிக்கும் வாளி தொங்க, பின்னால் கேமல்ஸ் ஹம்ப். "இன்றைக்கு இந்த மலையைத்தான் தர முடியும்" என்றார். குட்டி அதைத் தன்னிடமிருந்த கால் டாலருக்கு மாற்றிக்கொண்டாள். அத்தான் சிரித்துவிட்டார், ஆனால் விடவில்லை.

ஏப்ரல் 26, சனி – ஊர்க்காடு

இரவெல்லாம் மழை. காலையில் கொஞ்சம் வெறித்தது. இங்கே பல ஊர்களுக்குச் சொந்தமாக ஒரு காடு இருக்கிறது. ஊர் மக்களே பார்த்துக்கொள்வது, டிக்கெட் எதுவும் கிடையாது. அப்படி ஒன்றுக்குத்தான் புறப்பட்டோம். வழிகாட்டிச் செயலி தார்ச்சாலையை விட்டுக் குறுக்கு வழி காட்டியது. நான்கு நிமிடம் மிச்சமாம்.

வெர்மான்ட்டின் சாலைகளில் பாதிக்கு மேல் மண்சாலை. அதில் ஒன்றின் நடுவில், ஒரு பால்பண்ணையைத் தாண்டியதும், கார் வலப்பக்கமாகச் சரிந்து நின்றது. நடவுக்குச் சேறடித்த வயல் மாதிரி இருந்தது சாலை. டிராக்டரும் பால் லாரியும் போட்ட இரண்டு பள்ளங்களுக்குள் எங்கள் வாடகைக் காரின் வயிறு தரையில் உட்கார்ந்திருந்தது. அத்தான் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க, பின் கண்ணாடியில் சேறு ஏறியதுதான் மிச்சம். அக்கா ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமலிருந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

பத்து நிமிடத்துக்குள் ஒரு பிக்கப் வண்டி வந்தது. எழுபது வயது இருக்கும் அவருக்கு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். இறங்கி வணக்கம் சொல்வதற்கு முன்பே சங்கிலியை எடுத்துவிட்டார். இதற்காகவே வண்டியில் வைத்திருக்கிறார் போலும். இழுத்துவிட்ட பிறகு அத்தான் 40 டாலரை நீட்டினார். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"பள்ளத்துக்குள்ள சக்கரத்தை விடாதே, மேடு மேலயே ஓட்டு. வேகமும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்" என்றார். அப்புறம், கேட்காமலேயே காரணமும் சொன்னார். குளிர்காலத்தில் சாலை மூன்று நான்கு அடி ஆழம் வரை உறைந்துபோகிறது. பனியை வழித்துத் தள்ளிவிடுவதால் மேலே போர்வை இல்லை, அதனால் பக்கத்து வயலைவிட ஆழமாகவே உறையும். வசந்தத்தில் மேலிருந்துதான் உருகத் தொடங்கும். மேல் அரையடி கரைந்திருக்கும்போது அடியில் இன்னும் கல் மாதிரி பனிக்கட்டி. உருகிய தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் அங்கேயே நிற்கும். அதன் மேல் எது ஏறினாலும் புதையும்.

"மலையிலயும் இதே கதைதான். அங்க மண் இன்னும் குறைவு" என்றார் வண்டியில் ஏறிக்கொண்டே. அத்தானைப் பார்த்துச் சொன்ன மாதிரி எனக்குத் தோன்றியது.

ஊர்க்காட்டுக்கு 11 மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். தெற்கு பார்த்த சரிவு, இலை இன்னும் விடாத மேப்பிள், பீச் மரங்கள். வெயில் தரை வரை விழுவதால் இந்த மாதிரிச் சரிவுகள்தான் முதலில் காய்கின்றன. தொடக்கத்தில் பாதை நன்றாகவே இருந்தது. இரண்டு பக்கமும் டிரவுட் லில்லி. புள்ளி போட்ட இலை, தலை குனிந்த மஞ்சள் பூ. மரங்கள் இலை விட்டு நிழல் விழுவதற்குள் முளைத்து, பூத்து, காய்த்து அடங்கிவிடும் செடி. கிடைக்கிற வெயில் ஒரு சில வாரம்தான். அதனால் விதையிலிருந்து முதல் பூவுக்கே பல ஆண்டுகள் பிடிக்கும்.

அரை மைல் தாண்டியதும் சேறு. பாதையின் அகலம் முதலில் ஒரு ஆள் நடக்கிற அளவுதான் இருந்திருக்கும். இப்போது லாரி போகிற அளவு. நடுவில் குழம்பு, அதைச் சுற்றி இடப்பக்கம் ஒரு தடம், வலப்பக்கம் ஒரு தடம், அந்த வலத்தடமும் சேறாகிவிட்டதால் அதற்கும் வெளியே இன்னொன்று. வேர்கள் தோலுரிந்து கிடந்தன. கடைசித் தடத்தின் ஓரத்தில் டிரவுட் லில்லி இலைகள் மண்ணோடு மண்ணாக.

அத்தான் புது ஷூ போட்டிருந்தார். 160 டாலர். இயல்பாகவே அந்த வெளித்தடத்துக்குத் திரும்பினார்.

"நடுவுல போங்க" என்று ஆங்கிலத்தில் ஒரு குரல். வளைவில் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா, கையில் மண்வெட்டி. பாதைப் பராமரிப்புக்கு வந்த தன்னார்வலர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஷூவைக் கழுவிக்கொள்ளலாம், பாதையைக் கழுவி வைக்க முடியாது, சேறு எங்கே ஆழமோ அதன் வழியாகவே நேராகப் போங்கள் என்றார். ஓரத்துச் செடியில் கால் வைக்காமல் போக வழியே இல்லையென்றால்? "அப்போ அன்னைக்கு நடை முடிஞ்சுது. திரும்பிடணும்."

குட்டிக்கு இதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்! பெரியவர்களே சேற்றுக்குள் இறங்கச் சொல்கிறார்கள். கணுக்கால் வரை மூழ்க மூழ்க, நடுவிலேயே போனாள். நானும் இறங்கினேன். முதல் இரண்டு அடிக்குத்தான் கூச்சம். தண்ணீர் ஒரு முறை உள்ளே போய்விட்டால் அப்புறம் கவலையே இல்லை. பருத்தி சாக்ஸ் மட்டும் ஆகாது. ஈரமானால் காலைக் குளிர வைத்து உரசிக் கொப்புளமாக்கிவிடும். கம்பளி சாக்ஸ் ஈரத்திலும் கதகதப்பாகத்தான் இருந்தது. சேற்றின் ஆழம் பார்க்க நடைக்கோல் ஒன்று கையில் இருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

அந்த அம்மா செய்துகொண்டிருந்த வேலையைப் பார்க்க நின்றோம். பாதைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கட்டை பதித்திருக்கிறது. மேலிருந்து வருகிற தண்ணீரைப் பக்கத்துச் சரிவுக்குத் திருப்பிவிடுவது அதன் வேலை. குளிர்காலம் முழுக்க விழுந்த இலைகள் அதன் வாயை அடைத்துக்கொண்டிருந்தன. மண்வெட்டியால் ஒரு இழுப்பு இழுத்தார். கறுத்து, ஒட்டிக்கொண்டு, பாளம் பாளமாக வந்தன. அடியில் தேங்கியிருந்த பழுப்புத் தண்ணீர் கொஞ்சம் தயங்கியது, கட்டையின் ஓரமாக விரல் அளவு நீண்டது, அப்புறம் சலசலவென்று பெரணிச் சரிவுக்குள் இறங்கிப் போனது. நாங்கள் நின்றிருந்த சேற்றின் மேல் மினுமினுப்பு எங்கள் கண்ணெதிரே மங்கியது. குட்டிக்கும் மண்வெட்டி கொடுத்தார். அடுத்த கட்டையை அவள்தான் சுத்தம் செய்தாள்.

இந்தப் பக்கத்துப் பழைய பாதைகள் பெரும்பாலும் வளைந்து வளைந்து ஏறுவதில்லை, சரிவில் நேராக மேலே போகும் என்று அவர் சொன்னார். மழையும் உருகும் பனியும் அந்தப் பாதையையே ஓடையாக்கிக்கொள்ளும். இந்தக் கட்டைகளும், கற்படிகளும், சதுப்பில் போட்டிருக்கும் பலகைகளும் இல்லையென்றால் மண் ஒவ்வொரு வசந்தத்திலும் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். கீழ்க்காட்டில் போன மண் ஒரு நாள் திரும்ப வரும். ஆனால் உச்சிகளில் பாறைக்கு மேல் இருப்பதே கொஞ்ச மண்தான். மான்ஸ்ஃபீல்டு உச்சியில் சுமார் 200 ஏக்கரில் பனியுகத்திலிருந்து தங்கிவிட்ட செடிகள் இருக்கின்றன. பார்த்தால் சாதாரணப் புல் மாதிரி இருப்பதால் யாரும் யோசிக்காமல் மிதித்துவிடுகிறார்கள். அத்தான் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஷூ ஏற்கெனவே பழுப்பாகியிருந்தது.

மதியம் ஒரு பாறை மேல் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும். எதிரே வந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் வாசனைக்கு நின்றார்கள். அக்கா டப்பாவை நீட்ட, ஒருத்தி முதலில் கேட்டது: "வேர்க்கடலை இருக்கா?" இருந்தது. அவளுக்கு அலர்ஜி. அக்காவுக்குப் பெரிய வருத்தம். வறுவலில் கடலை இல்லை என்றாலும், ஒரே கரண்டி பட்டிருக்குமோ என்று அதையும் தரப் பயம். கடைசியில் பையிலிருந்த ஆரஞ்சைக் கொடுத்த பிறகுதான் அவளுக்கு மனசு ஆறியது.

அதற்கு மேல் பாதை வடக்குச் சரிவுக்குத் திரும்பியது. ஹெம்லாக் மரங்களின் நிழலில் பனி இன்னும் மிச்சம். குளிர்காலத்தில் நடந்தவர்கள் மிதித்து இறுகிய நடுப்பகுதி மட்டும் குறுகலான மேடாக நிற்கிறது, இரண்டு பக்கமும் உளுத்த பனி. குட்டியின் கால் ஓரத்தில் தவறி, தொடை வரை உள்ளே போனது. தூக்கிவிட்டோம், அடி எதுவும் இல்லை. ஆனால் அந்தக் குழி இரவில் உறைந்து, அடுத்து வருபவரின் காலை முறிக்கக் காத்திருக்கும். பனியைத் தள்ளி மூடிவிட்டு அங்கேயே திரும்பினோம். அத்தான் ஒரே ஒரு முறை மேலே பார்த்தார்.

ராத்திரி ஷூக்களுக்குள் செய்தித்தாளைத் திணித்து, ஹீட்டருக்கு ஒரு கை தள்ளி வைத்தோம். ரொம்பப் பக்கத்தில் வைத்தால் ஒட்டு விட்டுவிடும். மோட்டலுக்குப் பின்னால் இருந்த குட்டையில் பீப்பர் தவளைகள். ஒவ்வொன்றும் ஓர் அங்குலம்தான் இருக்கும், ஜன்னலை மூடியும் பேச முடியவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு – ஸ்மக்ளர்ஸ் நாட்ச்

காலையில் பான்கேக், 11 டாலர். உண்மையான மேப்பிள் சிரப் வேண்டுமென்றால் இன்னும் 2 டாலர். மேப்பிள் ஊரிலேயே மேப்பிளுக்குத் தனிக் காசா என்று அத்தான் கேட்டார். நாற்பது கேலன் மரச்சாற்றைக் காய்ச்சினால் ஒரு கேலன் சிரப் என்று பரிமாறிய பையன் சொன்னதும் 2 டாலர் நியாயமாகப் பட்டது.

ஸ்டோ ஊரிலிருந்து ஸ்மக்ளர்ஸ் நாட்ச் (கடத்தல்காரர் இடுக்கு) என்ற மலை இடுக்கு வழியாக மறுபக்கம் போகும் 108ஆம் எண் சாலை குளிர்காலத்தில் மூடப்பட்டால் பெரும்பாலும் மே நடுவில்தான் திறக்கும். அதுவரை கேட்டுக்கு அப்பால் கார் கிடையாது, நடப்பவர்களுக்குத்தான் அந்தத் தார்ச்சாலை முழுவதும். சேற்றுக் காலத்துக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. மலை ஏறிய திருப்தியும் கிடைக்கும், யாருடைய வேரையும் மிதிக்க வேண்டாம். போகிற வழியில் மான்ஸ்ஃபீல்டுக்கு ஏறும் பாதைகளின் வாயில்களைக் கடந்தோம். பூட்டும் இல்லை, காவலும் இல்லை, மழையில் சுருங்கிய ஒரு தாள் மட்டும். ஒன்றின் அருகே புதுக் காலடித் தடங்கள் உள்ளே போயிருந்தன. அத்தான்தான் முதலில் உச்சுக்கொட்டினார்!

மேலே போகப் போக பாறைச்சுவர்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வருகின்றன. வீடு அளவு பாறைகள் சாலையை ஒட்டிக் கிடக்கின்றன, அவற்றைச் சுற்றித்தான் சாலையே வளைகிறது. 1807இல் அமெரிக்கா வெளிநாட்டு வணிகத்துக்குத் தடை போட்டபோது, கனடாவோடு பழகிய வியாபாரத்தை விட மனமில்லாதவர்கள் மாடுகளையும் சரக்கையும் இந்த இடுக்கு வழியாகக் கடத்தியிருக்கிறார்கள். மதுவிலக்குக் காலத்தில் இதே வழியில் சாராயம். குட்டிக்குக் கடத்தல்காரர்களைப் பிடித்துப்போனது. ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலும் தேடினாள். எனக்குக் கண்ணெல்லாம் மேலேதான். உறைந்து உருகும் இந்த வாரங்களில் பாறைகளும் பனிக்கட்டிகளும் பெயர்ந்து விழும். சுவரை ஒட்டி உட்கார்ந்து சாப்பிட வேண்டாம் என்று எதிரே நாயோடு வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். நாய் எங்கள் எல்லோரையும்விடச் சுத்தமாக இருந்தது.

வசந்தத்தில் இந்த மாதிரிப் பாறைமுகங்களில் பொரி வல்லூறுகள் கூடு கட்டும். டி.டி.டி. பூச்சிமருந்தால் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலிருந்தே அற்றுப்போய், வளர்த்து விட்டு மீட்டெடுக்கப்பட்ட பறவை. கூடு உள்ள பாறைகளுக்கு ஏறுபவர்கள் ஆகஸ்ட் வரை போகக் கூடாது. நாங்கள் அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்தும் ஒன்றும் தென்படவில்லை. கழுத்து வலி மட்டும் நிச்சயம்.

திரும்பும் வழியில் மேப்பிள் சாறு காய்ச்சும் ஒரு சர்க்கரைக் கொட்டகை. காய்ச்சும் பருவம் முடிந்துவிட்டது. இரவில் உறைந்து பகலில் உருகினால்தான் மரத்தில் சாறு ஓடும், இப்போது இங்கே கீழே இரவும் உறைவதில்லை. குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஃப்ரீசரில் எடுத்துவைத்திருந்த பனியைத் தட்டில் பரப்பி, கொதிக்கும் சிரப்பை அதன் மேல் ஊற்றினார். இறுகி மிட்டாயாகிறது. கூடவே ஒரு டோநட்டும் புளிப்பு வெள்ளரிக்காய் ஊறுகாயும். இனிப்பு திகட்டினால் ஊறுகாயைக் கடித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டுமாம். ஒரு தட்டு 8 டாலர். நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து இரண்டு தட்டுதான் வாங்கினோம், அதற்கு மேல் முடியாது. நான் மட்டும் ஊறுகாயைக் கூடுதலாகக் கேட்டு வாங்கினேன்.

ஏப்ரல் 28, திங்கள் – மவுண்ட் ஃபிலோ

வானம் வெளுத்துவிட்டது. சாம்ப்ளேன் ஏரிக்குப் பக்கத்தில் 968 அடி உயரச் சின்னக் குன்று, 1924இல் உருவான வெர்மான்ட்டின் முதல் மாநிலப் பூங்கா. உச்சி வரை தார்ச்சாலை இருப்பதால் காட்டுப்பாதையை விட்டுவிட்டு அதிலேயே ஏறினோம். ஒரு தாத்தா பேரனை முதுகில் கட்டிக்கொண்டு எங்களை முந்திப் போனார்.

மேலே பெஞ்சில் உட்கார்ந்தால் ஏரி விரிந்து தெரிகிறது. அதற்கு அப்பால் நியூயார்க் மாநிலத்தின் அடிரோன்டாக் மலைகள், உச்சிகளில் இன்னும் வெள்ளை. அங்கேயும் இதே பாடுதான். வசந்தத்தில் 2,500 அடிக்கு மேல் ஏறாதீர்கள் என்று அந்த மாநிலச் சுற்றுச்சூழல் துறை கேட்டுக்கொள்கிறது. கீழே பச்சை வந்துவிட்டதே என்று நம்பிப் போகிறவர்கள் மேலே இடுப்பளவு பனியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இறங்கியதும் அக்கா உண்ணி பார்க்கும் வேலையை ஆரம்பித்தாள். குளிர் கொஞ்சம் விட்டாலே மான் உண்ணிகள் கிளம்பிவிடும், லைம் நோய் பரப்புபவை. பேன்ட்டைச் சாக்ஸுக்குள் சொருகியிருந்தும் அத்தானின் முழங்காலுக்குப் பின்னால் ஒன்று, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒட்டியிருந்தது. சனிக்கிழமைக் காட்டிலிருந்து வந்ததா, புல்வெளியில் ஏறியதா தெரியவில்லை. சின்னக் கவ்வியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக இழுத்தாள். வந்துவிட்டது. தேதியைக் குறித்துவைத்தாள். காய்ச்சலோ சிவந்த வட்டமோ வந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டுமே.

பர்லிங்டனில் கார் கழுவ 15 டாலர் ஆயிற்று. அடிப்பாகத்திலிருந்து இறங்கிய சேற்றைப் பார்த்துக் கழுவுமிடத்துப் பையன், "எந்த ரோடு?" என்று மட்டும் கேட்டான். சொன்னதும் தலையை ஆட்டி, இன்னொரு முறை தண்ணீர் அடித்தான், காசு கேட்கவில்லை. பாஸ்டனில் காரைத் திருப்பிக் கொடுத்தபோது சீட்டுக்கடியில் மண் இருந்ததாகச் சொல்லி 50 டாலர் பிடித்துக்கொண்டார்கள். மோட்டலில் மிச்சம் பிடித்த காசில் ஒரு பங்கு இங்கே போயிற்று.

வழி முழுக்க அத்தான் கைபேசியில் கேமல்ஸ் ஹம்ப் பக்கத்தில் மே கடைசிக்கு அறை தேடிக்கொண்டு வந்தார், அக்காதான் காரை ஓட்டினாள். அதே மோட்டல், அதே அறை, 229 டாலர். பாதை திறந்திருக்கும், சேறு காய்ந்திருக்கும். எதற்கும் மோட்டலுக்குப் போன் போட்டு வானிலை எப்படி இருக்கும் என்று விசாரித்தார். அருமையாக இருக்கும் என்றாராம் கவுன்டர் பெண்மணி, ஆனால் அது கருப்பு ஈக்களின் காலம், தலைக்கு வலை கொண்டு வாருங்கள்.